உடையாத ஊர்

டாக்டர் பூதலிங்கத்துக்குக் கடல் கடந்த பெரும் பரிசு கிடைத்த செய்தி வாகைநேரிக்கு வந்து சேர்ந்த காலையில், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் மாஸ்டரின் ஈரக்கையிலிருந்து வழுக்கிய ஒரு கண்ணாடிக் கிளாஸ், தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது விழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோலச் சற்று நின்று, பிறகு பூனை இறங்குவதுபோல இறங்கி, உள்ளே இருந்த டீயில் ஒரு வாய்கூடச் சிந்தாமல் சிமெண்டுத் தரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. மாஸ்டர் அதை எடுத்துப் பார்த்தார், அடியைத் துடைத்தார், அதே டீயை அதே ஆளுக்குக் கொடுத்தார். வாங்கிக் குடித்தவர் சீனி கம்மி என்று சொன்னதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று மத்தியானத்துக்குள் மேலத்தெருவில் ஒரு மண்பானையும், ஆரம்பப் பள்ளியில் பந்து பட்ட ஒரு ஜன்னல் கண்ணாடியும், சாரத்திலிருந்து தவறிய கொத்தனார் ஒருவரின் இடுப்பும் அதேபோலத் தப்பின. காரணம் என்னவென்று ஊர் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, உடைத்துக்கொள்ள நினைத்தாலும் இனி முடியாது. நம்மூர் டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்கிறாராம், அதற்குத்தான் பரிசாம், ஆகவே அப்படித்தான் நடக்கும் என்று சேர்மன் அருணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். பெரிய மனுசன் ஒரு வார்த்தை சொல்லி, அதற்கு வெளிநாட்டுக்காரன் மெடலும் போட்டுவிட்டால், இயற்கை மட்டும் எதிர்த்துப் பேசுமா என்ன, அதுவும் இந்த ஊரில் குடியிருக்கிற இயற்கை, அதற்கும் மரியாதை தெரியாதா?

பூதலிங்கத்தின் மனைவி ஆவுடை பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருசம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தண்ணீர் டேங்க் பம்பு ஆப்பரேட்டர் மகனாகப் பிறந்து, சென்னையில் படித்து, வெளிநாட்டில் பன்னிரண்டு வருசம் இருந்து, நாற்பது வயதில் சொந்த ஊருக்கே திரும்பி வந்து, பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த தன் புருசன் என்ன வேலை பார்க்கிறார் என்பதை அக்கம்பக்கத்தாருக்கு விளக்குவதே அவளுக்கு இன்னொரு உத்தியோகமாக இருந்தது.

"சாரு வீட்டுல என்ன பண்ணுதாவ?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்பாள்.

"யோசிக்காவ."

"யோசிச்சு?"

"எழுதுதாவ."

"எழுதி?"

"அடிச்சிருதாவ."

"அதுக்குச் சம்பளம் குடுக்கானா!" என்று எதிர்வீட்டுக்காரி கன்னத்தில் கை வைத்துக்கொள்வாள். தன் புருசன் அரிசி மில்லில் படும் பாட்டை அவள் அப்போது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பூதலிங்கத்துக்குக் கருவி என்று ஒன்றும் கிடையாது. வெல்ல மண்டிக்காரர் வருசா வருசம் கொடுக்கும் தேதி கிழிக்கும் காலண்டரில் கழிந்துபோன நாட்களைச் சேர்த்து வைத்து, அதன் பின்பக்கத்தில், மைப்பேனாவால், ஒவ்வொரு தாளுக்கும் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுக் கணக்கு எழுதுவார். ராகுகாலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் முன்பக்கம், பிரபஞ்சம் பின்பக்கம். ஆவுடை பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்தி முடித்துவிட்டு, அந்தத் தாள்களை வெள்ளைத்தாளில் நல்ல பிரதியாக எடுத்துக் கொடுப்பாள். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆவுடை எழுதியதில் தப்பு இருக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை, அதனால் பிரதி எடுத்த தாளை அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை.

அப்படி நூற்றி நாற்பது காலண்டர் தாளில் விளைந்ததுதான் தயக்கக் கோட்பாடு. எந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று நெருங்கும்போது, கடைசிக் கணத்தில், கொஞ்சமே கொஞ்சம் தயங்கும் என்பது அதன் சாரம். அந்தத் தயக்கம் உலகத்தில் உள்ள எந்தக் கருவிக்கும் அகப்படாத அளவுக்குச் சின்னது என்பதையும் கணக்கே சொல்லிவிட்டதால், அதைத் தப்பு என்று நிரூபிக்க ஒருத்தராலும் முடியவில்லை. இருபத்தாறு வருசம் ஒருத்தராலும் தப்பு என்று நிரூபிக்க முடியாத ஒன்றை அப்புறம் எத்தனை நாளைக்குத்தான் சும்மா வைத்திருப்பது, பரிசு கொடுத்துவிட்டார்கள்.

வாகைநேரிக்கு அந்த வாழ்க்கை பழகுவதற்கு ஒரு மாசம்கூட ஆகவில்லை. அறுக்கலாம், அரைக்கலாம், கிழிக்கலாம், துளைக்கலாம், உடைக்க மட்டும் முடியாது. தேங்காயை ரம்பத்தால் அறுத்தார்கள், இரும்புக் கடையில் ரம்ப பிளேடுக்கு வரிசை நின்றது. எலும்பு முறிவு வைத்தியர் பலகையைக் கழற்றிவிட்டு மூட்டுவலித் தைலம் விற்கப் போனார். பானை உடைந்தால்தானே அடுத்த பானை, வேளார் தெருவில் சக்கரங்கள் நின்றுபோயின, இரண்டு பேர் பிளம்பிங் வேலை கற்றுக்கொண்டார்கள். ஆட்டோக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார்கள், தாய்மார்கள் பிள்ளைகளை மரத்தில் ஏறவிட்டுவிட்டு சீரியல் பார்த்தார்கள், யாரும் எதையும் இறக்கி வைக்கிற பழக்கமே போய், அலமாரியிலும் பரணிலும் கைக்கு வந்தபடி தூக்கிப் போட்டார்கள், அதுவும் போய் ஒழுங்காக உட்கார்ந்தது. புருசன் பெண்டாட்டி சண்டை மட்டும் முன்னைவிட நீண்டுபோனது. முன்பெல்லாம் ஒரு தட்டு உடைந்தால் அந்தச் சத்தத்தில் இருவரும் திடுக்கிட்டு நிறுத்திக்கொள்வார்கள், இப்போது எறிந்த தட்டு பஞ்சுபோல இறங்கி உட்கார்ந்துகொண்டு, அப்புறம் என்ன என்று பார்த்தது.

உச்சிப் பிள்ளையார் கோயிலில்தான் முதலில் சிக்கல் வந்தது. நூற்றெட்டு சிதறுதேங்காய் நேர்ந்துகொண்ட ஒருவர் ஓங்கி ஓங்கி எறிய, நூற்றெட்டும் வாத்து முட்டை மாதிரி படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து பிள்ளையாரைப் பார்த்தன. கோயில் கமிட்டி மூன்று தடவை கூடி விவாதித்து, தேங்காயை முன்கூட்டியே எட்டுத் துண்டாக அறுத்து, நூலால் கட்டி வைத்து, எறிகிறபோது நூலை உருவிவிடலாம் என்று முடிவு செய்தது. பிள்ளையார் ஆட்சேபிக்கவில்லை. அவர் எதைத்தான் ஆட்சேபித்தார்?

சாவு வீடுகளுக்கு வேறு வழி இருந்தது. கொள்ளிக்குடம் உடையாமல் எப்படி ஒருத்தரை அனுப்பி வைப்பது? ஆகவே பிணத்தை ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் ஒத்தப்பனை சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கேட்டைத் தாண்டினால் உலகம் பழைய உலகம்தான், குடம் சுக்குநூறாக உடையும். ஒத்தப்பனைக்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு சேர்மன் போய்ப் பேசி, அந்தச் சுடுகாட்டுக்குப் பைப்லைன் போட்டுக் கொடுத்தார். நகராட்சி எல்லையில் 'உடையாத ஊர் உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று ஒரு வளைவு எழும்பியது. வெளிநாட்டிலிருந்து மூன்று விஞ்ஞானிகள் பஞ்சு பொதிந்த பெட்டிகளில் கருவிகளோடு வந்தார்கள். லாரியிலிருந்து பெட்டிகளை ஆட்கள் தூக்கி வீசியதைக் கண்டு அவர்களில் ஒருவர் அலறிவிட்டார். ஒரு வாரம் அளந்தார்கள், இது உள்ளூர் நிகழ்வு, மேலும் ஆராய வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு, வாழையிலைச் சாப்பாட்டை மட்டும் சந்தேகமின்றிப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

பரிசு வந்த நாலாவது மாசம், டாக்டரின் கையெழுத்துத் தாள்களை நூலகத்தில் காட்சிக்கு வைக்க நகராட்சி தீர்மானம் போட்டது. ஆவுடை பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, காலண்டர் தாள்களையும் தன் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுக்கிக்கொண்டு வந்தாள். நூற்றிப் பன்னிரண்டாவது தாளில் அவள் கை நின்றது. காலண்டர் தாள் மை குடிக்கிற ஜாதி. பிள்ளையார் சுழிக்கு அடியில் இழுத்த கோடு ஊறி, தடித்து, கீழே இறங்கி, முதல் வரிக் கணக்கின் தலைமாட்டில் வந்து படுத்திருந்தது. அவள் அதைக் கழித்தல் குறி என்று நினைத்துப் பிரதியில் எழுதியிருந்தாள். அங்கிருந்து கடைசித் தாள்வரை அந்தக் கழித்தல் குறி குடும்பம் நடத்தியிருந்தது.

ஆவுடை ஒரு நோட்டை எடுத்து, அந்தக் கோடு இல்லாமல் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் ஆயிற்று. பொருள்கள் தயங்கவில்லை. மாறாக, நெருங்கும்போது கடைசிக் கணத்தில் கொஞ்சமே கொஞ்சம் அவசரப்பட்டன. இன்னொரு தடவை போட்டாள், அதேதான் வந்தது.

"இங்கன பாருங்க," என்று இரண்டையும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

பூதலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது பிள்ளையார் கோடுல்லா."

"எனக்குக் கழித்தலாத் தெரிஞ்சிருக்கு. என் கைத்தப்பு."

"பிள்ளையார் போட்ட கோட்டுக்கு நீ என்ன செய்வ?"

"வெளையாடாதீய. கணக்கு தப்புன்னு அவங்களுக்கு எழுதுங்க. எம்பேரச் சொல்லியே எழுதுங்க."

"எழுதுதேன்."

எழுதவும் எழுதினார். அன்றைக்கே உட்கார்ந்து எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, பீரோவில் வைத்தார். நாளைக்குப் போடுகிறேன் என்றார். மறுநாள் ஆண்கள் பள்ளிக்கு அவர் பெயரை வைக்கும் விழா, அன்று எப்படிப் போடுவது? அடுத்த வாரம் வளைவுத் திறப்பு. அதற்கடுத்து, கல்யாணத்தில் ஒரு கண்ணாடிகூட உடையாமல் சகுனம் சுத்தமாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் வாகைநேரியில் மண்டபம் பிடிக்க ஆரம்பித்து, ஏழு புது மண்டபம் எழும்பி, ஏழுக்கும் அவரே குத்துவிளக்கு ஏற்றினார். "ஒங்களாலதான் டாக்டர், ஊரே கெட்டியா இருக்கு," என்று சேர்மன் ஒவ்வொரு மேடையிலும் பொன்னாடையைப் போர்த்துகிறபோது, பூதலிங்கத்தின் முகம் வயிற்றுவலிக்காரர் முகம்போல ஆகும். அதைத் தன்னடக்கம் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

வருசத்துக்கு ஒருமுறை ஆவுடை கேட்பாள். "போட்டியளா?"

"இங்கிலீஷ் சரியில்ல. திருத்தி எழுதணும்."

பழைய உறையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி, ஒட்டி, அதே இடத்தில் வைப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறார் என்று அவள் கேட்டதும் இல்லை, அவர் காட்டியதும் இல்லை. அவள் ஏன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை என்றால், உள்ளதைச் சொல்லிவிட வேண்டியதுதான், அவளுக்கும் பயமாக இருந்தது. முப்பத்தொரு வருசம் பிள்ளைகளின் ஒரு சின்னக் கூட்டல் பிழைக்குக்கூடக் காதைத் திருகியவள் அவள். உலகத்திலேயே பெரிய கைத்தப்பு அவளுடையதுதான் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் முகத்தை எங்கே கொண்டு வைப்பாள்? அதனால் அவர் நாளைக்கு என்றபோது, அவளும் நாளைக்குத்தானே என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். போகும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது.

இப்படியே போன ஆறு வருசமும் பூதலிங்கத்தால் ஒரு புதுக் கணக்குப் போட முடியவில்லை. காலண்டர் தாளைத் திருப்புவார், பேனாவைத் திறப்பார், எதைத் தொடங்கினாலும் பழைய தப்பு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூடி வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார். மாடியிலிருந்து யாராவது ஒரு குடத்தைக் கீழே போடுவார்கள், அது தயங்கித் தயங்கி இறங்கும்.

"ஏட்டி ஆவுடை," என்றார் ஒருநாள். "சரியான கணக்கு இதவிட எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா? விழுற பொருளு தயங்கல. ஆசையா வருது."

"அப்பம் சொல்லிருங்களேன்."

"யார்கிட்டச் சொல்ல? ஊருக்குத் தயக்கந்தான் பிடிச்சிருக்கு."

ஆனி மாசம் ஒரு காலையில், காபி குடித்துக்கொண்டே, சர்க்கரை போடவில்லையா என்று கேட்கப் போனவர் கேட்காமலே போய்விட்டார். கையிலிருந்து நழுவிய டம்ளர் காலடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஆவுடை முதலில் டம்ளரைத்தான் பார்த்தாள், பிறகுதான் அவரை. அவளுக்கு அழுகை வரவில்லை. தொண்டைவரை வந்து அங்கேயே நின்றது.

அரசு மரியாதை என்று அறிவித்துவிட்டார்கள். மறுநாள் அமைச்சர் வந்தார், போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள், வாகைநேரியில் நடக்கத் தெரிந்த ஆண்பிள்ளை அத்தனை பேரும் வந்தார்கள். பிள்ளை இல்லாத வீடு என்பதால் பூதலிங்கத்தின் தங்கை மகன் சொரிமுத்து, பஜாரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன், நாற்பத்திரண்டு வயதுக்காரன், மொட்டையடித்துக்கொண்டு கொள்ளிச்சட்டி ஏந்தினான். ஊர்வலம் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒத்தப்பனைக்குப் போனது. வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள். ஆவுடையைக் கொண்டுவந்து கூடத்தில் உட்கார வைத்து, சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் செல்போன் அடித்தது. சொரிமுத்துதான்.

"அத்தை, குடம் உடைய மாட்டேங்கு."

"கேட்டத் தாண்டிட்டியள்லா?"

"தாண்டியாச்சு அத்தை. மூணு சுத்து சுத்தி, ட்ரில் பிட்டு வச்சு மூணு ஓட்டையும் போட்டு, பின்னால விட்டேன். உருண்டு போய் உக்காந்துக்கிட்டு. மூணு தடவ விட்டாச்சு. பிச்சாண்டி சொல்லுதாரு, ஊரு பூராவும் கேட்டத் தாண்டி வந்திருக்கு, அதான் ஊருத் தயக்கமும் கூடவே வந்துட்டுங்காரு. எப்பவும் இருபது பேருல்லா வருவோம்."

"அப்பம் கூட்டத்தத் திரும்பிப் போகச் சொல்லு."

"சொல்லிப் பாத்தாச்சு. ஒவ்வொருத்தனும் அடுத்தவன்தான் போகணும்னு நிக்கான். டிவிக்காரன்லாம் வந்திருக்கான் அத்தை."

சடங்கு நடத்தும் பிச்சாண்டியின் குரல் பின்னாலிருந்து கேட்டது. "குடம் உடையாம உயிரு போகாது தாயி. வீட்டு வாசல்லயே நிக்கும்."

"சேர்மன் ரம்பம் கொண்டாரச் சொல்லிட்டாரு," என்றான் சொரிமுத்து. "தேங்கா மாதிரி அறுத்து நூலு கட்டிருவோம்ங்காரு. பிச்சாண்டி ஒத்துக்கிட மாட்டேங்காரு. பிள்ளையாரு விட்டாரு, எமன் விடமாட்டான்னு சத்தம் போடுதாரு. என்ன செய்ய?"

ஆவுடை வாசலைப் பார்த்தாள். வாசலில் செருப்புகளைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் அங்கே நிற்பவர் யார் என்று அவளுக்குத் தெரிந்தது, உள்ளேயும் வரமுடியாமல், வெளியேயும் போகமுடியாமல், பீரோவில் இருக்கும் உறையைப் பற்றி நாளைக்கு நாளைக்கு என்று சொல்லிக்கொண்டு. ஆறு வருசம் இந்த வீட்டில் அவர் நின்றது அப்படித்தான். இனி எத்தனை வருசம் நிற்பார்? தப்புக் கணக்கைக் குறுக்கே அடிக்காமல் அடுத்த கணக்கைப் போடாதே என்று அவள் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாள். அடித்தால் அவர் பெயர் போகும். பள்ளிக்கூடத்துப் பலகை, வளைவு, மெடல், எல்லாம் ஒரே கோட்டில் போகும். அடிக்காவிட்டால் அவர் போகமாட்டார்.

"அறுக்க விடாத. நான் வாரேன்."

"அத்தை, பொம்பளையாளு இங்க—"

"வாரேன்னேன்லா."

சுற்றி இருந்தவர்கள் எழுந்து மறித்தார்கள். சுடுகாட்டுக்குப் பொம்பள போறதா, உலகத்துல நடக்குமா என்று எதிர்வீட்டுக்காரி கையைப் பிடித்தாள். "நம்மூருல எதுதான் நடக்கல," என்று ஆவுடை கையை விடுவித்துக்கொண்டு, பீரோவைத் திறந்து உறையை எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டு, ஆட்டோ பிடித்தாள்.

ஒத்தப்பனையில் அமைச்சர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். அன்னாரது கோட்பாடு மரணத்தையும் வென்று நிற்பதை இதோ நாம் கண்கூடாகக் காண்கிறோம் என்று அவர் குடத்தைச் சுட்டிக் காட்டிய இடத்தில் ஆவுடை போய் மைக்குக்குக் கை நீட்டினாள். கூட்டம் தானாக வழிவிட்டது. அங்கே நின்றவர்களின் வீட்டுப் பெண்கள் பாதிப்பேர் அவளிடம் கணக்கில் அடி வாங்கியவர்கள், அந்தப் பயம் வீட்டுக்காரர்களுக்கும் ஒட்டியிருந்தது. அமைச்சருக்கு யாரிடமும் அடி வாங்கிய பழக்கம் இல்லை, ஆனாலும் கொடுத்துவிட்டார்.

"சாரோட கணக்கு தப்பு," என்றாள் ஆவுடை. "அவுகளே எழுதி வச்சிருக்காவ. வாசிக்கேன்."

உறையைக் கிழித்தாள். தாளின் மடிப்பை நீவிவிட்டாள். பிறகு இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வரிவரியாகச் சொன்னாள். தயக்கக் கோட்பாடு பிழையானது என்றும், நூற்றிப் பன்னிரண்டாவது தாளில் இல்லாத ஒரு கழித்தல் குறி நுழைந்துவிட்டது என்றும், பரிசைத் திருப்பித் தருவதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியில் வந்து அவள் நின்றாள். 'அது பிரதி எடுக்கும்போது பூதலிங்கம் ஆகிய நான் என் கையால் செய்த பிழை' என்று இருந்தது. அதையும் அப்படியே வாசித்தாள்.

பிச்சாண்டி கண் காட்டினார். சொரிமுத்து சிதைக்கு முதுகைக் காட்டி நின்று, தோளிலிருந்து குடத்தைப் பின்னால் விட்டான். குடம் ஒரு சாண் உயரத்தில் நின்றது, யோசித்தது, இறங்கி உட்கார்ந்தது.

கூட்டம் மொத்தமாக மூச்சு விட்டது. சேர்மன் அருணகிரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளா டீச்சர், கணக்கு சரியாத்தான் இருக்கு. பெரியவுக தன்னடக்கத்துல அப்பிடி எழுதியிருக்காவ. அவுக குணம் நமக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, ரம்பம் வைத்திருந்தவனைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

ஆவுடை கடிதத்தின் கடைசி வரியை இன்னொரு தடவை பார்த்தாள். அந்த மனுசன் ஒவ்வொரு வருசமும் எதைத் திருத்தித் திருத்தி எழுதினார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"இந்தக் காயிதத்துலயும் ஒரு தப்பு இருக்கு," என்றாள். மைக் கிரீச்சிட்டது, அவள் காத்திருந்தாள். "பிரதி எடுத்தது அவுக இல்ல, நான். பிள்ளையார் சுழிக்குக் கீழ இழுத்த கோட்டக் கழித்தல்னு எழுதுனது என் கை. இதப் போட்டா ஒண்ணு பொய் சொல்லணும், இல்லன்னா என்னச் சொல்லணும். ரெண்டும் அவுகளுக்கு முடியல. அதான் ஆறு வருசமா போடல. நானும் பயந்துக்கிட்டுப் பேசாம இருந்துட்டேன். தப்பு என்னது. நான் கணக்கு டீச்சரு, எனக்குத் தெரியும், தப்பு என்னதுதான்."

சொரிமுத்து குடத்தில் மறுபடி தண்ணீர் ஊற்றித் தோளில் ஏற்றியிருந்தான். அவன் விடுவதற்கு முன்பே, காத்திருந்ததுபோல, குடம் அவன் தோளைவிட்டுக் கிளம்பி, ஒரு கணம்கூட எங்கும் நிற்காமல், கொஞ்சம் அவசரமாகவே போய்த் தரையில் விழுந்து உடைந்தது. ஆறு வருசமாக அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்கள் என்னது என்னது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

பிறகு கேட்டுக்கு அந்தப்புறமிருந்து சத்தம் வந்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு பத்து, பிறகு மழை பிடித்துக்கொண்டதுபோல. ஆறு வருசமாகத் தூக்கிப் போட்ட இடங்களிலெல்லாம் அரைகுறையாக உட்கார்ந்திருந்த பானையும் தட்டும் கண்ணாடியும் கூரை ஓடும், மண்டபத்து அலங்கார விளக்குகளும் தங்கள் முறைக்கு விழுந்துகொண்டிருந்தன. வீட்டை நினைத்து ஒருவன் ஓடினான், கடையை நினைத்து இன்னொருவன், மரத்தில் ஏறிய பிள்ளையை நினைத்து மற்றவன், சேர்மன் வளைவை நினைத்து எல்லோருக்கும் முன்னால் ஓடினார். அமைச்சரின் கார் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. குடம் உடைத்தபின் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பது சாஸ்திரம். வாகைநேரியில் எந்தச் சாவுக்கும் அந்தச் சாஸ்திரம் அவ்வளவு சுத்தமாக நிறைவேறியதில்லை.

சொரிமுத்து கொள்ளியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். "அத்தை... கடையில ட்யூப்லைட்டு பூராவும் நிப்பாட்டித்தான் வச்சிருக்கேன்."

"கொள்ளிய வச்சுட்டுப் போ. நான் நிக்கேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளியை வைத்துவிட்டு ஓடினான். பிச்சாண்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, பைப்பில் கை கழுவப் போனார். பிறகு சிதையும் அவளும் மட்டும் இருந்தார்கள். தீ பிடித்து நிமிர்ந்தது. ரெண்டு நாளாகத் தொண்டையில் நின்றுகொண்டிருந்த அழுகை அப்போதுதான் வந்தது, நிற்காமல் வந்தது, ஆவுடை வாயில் முந்தானையை வைத்துக்கொள்ளாமல், யாருக்காகவும் அடக்காமல், சத்தம் போட்டு அழுதாள்.

"இவ்வளவுக்கும் நான் என்ன கோவிச்சுக்கிடவா போறேன்?" என்று அவரிடம் கேட்டாள். "எம்பேர எழுதியிருக்கலாம்லா?"

தீ அடங்கும்வரை நின்றுவிட்டு, அவள் கேட்டை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்ல அங்கே ஓர் ஆளும் மிச்சமில்லை, ஆகவே ஆவுடை நாலு அடிக்கு ஒருதரம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.